ஹோவர்ட் பின்ச்பெக் ஒரு டாங்க்கைக் கட்டி முடித்த கதை

வெயின்தார்ப் கடைத்தெருவில் ஹோவர்ட் பின்ச்பெக் நடந்து வந்தால், எதிரே வருகிறவர்கள் காரணமே இல்லாமல் ஒரு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவர் போலீஸ் இல்லை. டிரைவிங் லைசென்ஸுக்குத் தேர்வு வைப்பவர். ஊரில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். மீதிப் பாதி பஸ்ஸில் போகிறவர்கள்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. கத்த மாட்டார், முறைக்க மாட்டார். பக்கத்து இருக்கையில் உப்பு மூட்டை மாதிரி உட்கார்ந்து, மடியில் இருக்கும் தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இழுப்பார். கடைசியில், "சொல்றதுக்கு வருத்தமாத்தான் இருக்கு" என்று தொடங்குவார். உண்மையாகவே வருத்தப்படுவார். அதைத்தான் ஊர்க்காரர்களால் மன்னிக்க முடியவில்லை. நடிப்பாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

வேலை முடிந்து வந்தால் மாடியில் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ராணுவ டாங்குகள். எல்லாம் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டுகிற சின்ன மாதிரிகள். முதல் உலகப் போரில் முதன்முதலாகக் களத்தில் இறங்கியதே, பக்கவாட்டில் பார்த்தால் யாரோ மிதித்த செங்கல் மாதிரிச் சாய்ந்து நிற்குமே, அந்த ரகம் மட்டும்தான். அது பிறந்ததே வெயின்தார்ப் இருக்கிற லிங்கன்ஷயரில்தான் என்பதால், அந்தப் பக்கத்து ஆட்கள் அதைப் பற்றிப் பேசினால் சொந்தக்காரப் பையன் பட்டாளத்துக்குப் போன மாதிரிப் பேசுவார்கள்.

ஹோவர்ட்டின் டாங்குகளில் ஒரே ஒரு குறை. ஒன்றுகூட முடிந்தது கிடையாது.

பெட்டியைத் திறப்பார். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டுவார், உப்புத்தாளில் தேய்ப்பார், ஒட்டுவார். பாதியில் ஏதாவது ஒரு பழைய புகைப்படத்தில் ஒரு ரிவிட் ஆணி அதிகமாகத் தெரியும். அவ்வளவுதான். அந்த டாங்க் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த பெட்டி திறக்கும். ஒன்றுக்குக் கூரை இல்லை, ஒன்றுக்கு முகம் இல்லை, ஒன்று வெறும் வயிறு. அந்த அலமாரி பெரிய ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்.

ஆனால் ஊரில் இப்படி மாடல் கட்டுகிறவர்களின் சங்கத்தில் அவர்தான் டாங்க் பிரிவுக்கு நடுவர். மற்றவர்கள் கட்டியதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறை சொல்வதில் அவரை அடிக்க ஆள் இல்லை. முக்கியமாகச் சேறு. சிலர் டாங்கின் மேல் பிளாஸ்டரையும் சாயத்தையும் குழைத்துச் சேறு மாதிரிப் பூசிவிடுவார்கள். கேட்டால் போர்க்களத்தில் சேறு இருக்காதா என்பார்கள். ஹோவர்ட் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. "சேறு பூசறது, திருடன் மீசை ஒட்டிக்கிட்டு வர்ற மாதிரி. உள்ள ஏதோ தப்பு இருக்கு" என்பார்.

ஒரே ஒரு வருஷம் அவரும் ஒரு டாங்க்கைக் கண்காட்சி மேஜையில் வைத்தார், கிட்டத்தட்ட முடிந்ததை. வைத்த சூட்டிலேயே ஒரு மூடி தலைகீழாக இருப்பதைப் பார்த்துவிட்டார். டாங்க்கைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடந்தார். அவர் மனைவி கிளெனிஸ் சாண்ட்விச்சோடு வந்து, காலி மேஜைக்கு முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டாலும் "இப்ப வந்துடுவார்" என்றாள்.

இந்த நிலைமையில்தான் கிளெனிஸின் தங்கை டெனிஸ் வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் கீத், நாய்களுக்கு முடி வெட்டுகிற பெண்ணோடு போய்விட்டான். நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். டெனிஸுக்கு இரண்டாவதுதான் அதிக வருத்தம். முன்னறை சோஃபாவில் படுத்துக்கொண்டு, கையில் ரிமோட்டோடு, வீட்டில் நடப்பதற்கெல்லாம் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி படுக்கை எல்லாம் மாடியில், ஹோவர்ட்டின் மேஜை மேல் ஏறிவிட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கிளெனிஸ், சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள்.

"ஹோவர்ட், எனக்கு இருக்கறது ஒரே ஒரு தங்கச்சி. உனக்கு எத்தனை டாங்க் இருக்குன்னு உனக்கே தெரியாது. அதுல ஒண்ணாவது முழுசா இருக்கா?"

"எல்லாம் வேலை நடந்துக்கிட்டிருக்கு."

"பன்னெண்டு வயசுல இருந்து நடந்துக்கிட்டிருக்கு."

"அவசரப்பட்டா தப்பு வரும், கிளெனிஸ்."

"சரி, அப்ப கேட்டுக்க. செப்டம்பர் கண்காட்சி. ஒரு டாங்க். முழுசா. மேஜையில வைக்கணும், சாயங்காலம் ஹால் கதவைப் பூட்டற வரைக்கும் அது அங்கயே இருக்கணும், நீயும் அங்கயே இருக்கணும். இருந்தா, அந்த ரூம் உனக்கு. செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். பாதியில தூக்கிக்கிட்டு ஓடி வந்தே, எல்லாப் பெட்டியும் தர்மத்துக்குப் பழசு விக்கிற கடைக்குப் போயிடும். டெனிஸ் கட்டில் உள்ள வரும்."

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "எனக்கு ஜன்னல் பக்கம் தலைமாடு வேணும், வாத்துக்குட்டி."

அந்தப் பக்கத்தில் பிடித்தவர்களையும் வாத்துக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், பிடிக்காதவர்களையும் அப்படித்தான். அதனால் ஹோவர்ட்டுக்கு எதுவும் விளங்கவில்லை. எழுந்து போய் அலமாரியைப் பார்த்தார். வார்டு முழுக்க நோயாளிகள். எல்லாவற்றையும் கடையில் எவனோ ஐம்பது பென்னிச் சில்லறைக்கு வாங்கி, குழந்தை கையில் கொடுத்து, அது கடித்து வைப்பது வரை கண்ணுக்கு முன்னால் ஓடியது. புதுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். மாடியில் உட்கார இடம் இல்லை. சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தார்.

டெனிஸ் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். அது அவளுக்கு ஸ்னூக்கரை விடச் சுவாரசியமாக இருந்தது.

"பெட்டியில ஏன் ரெண்டு விதமாப் படம் போட்டிருக்கான்?"

"ஆண் டாங்க் ஒண்ணு, பெண் டாங்க் ஒண்ணு. எது வேணுமோ கட்டிக்கலாம்."

"டாங்குல என்னய்யா ஆணு பொண்ணு?"

"அப்படித்தான் பட்டாளத்துல பேரு வச்சாங்க. ஆணுக்கு ரெண்டு பக்கமும் பெரிய பீரங்கி நீட்டிக்கிட்டிருக்கும். பெண்ணுக்கு வெறும் மிஷின்கன்."

"எத்தனை?"

"அஞ்சு."

டெனிஸ் படத்தை வாங்கிப் பார்த்தாள். "அது நீட்டிக்கிட்டு ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு நிக்குது. இவ அஞ்சு துப்பாக்கியை வச்சுக்கிட்டு வாயைத் திறக்காம போறா. கீத்தை மறுபடி கட்டாத. இவளையே கட்டு."

இப்படித்தான் பெண் டாங்க் என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து தினமும் தேநீருக்குப் பிறகு கச்சேரி தொடங்கும். ஹோவர்ட் சாமணத்தால் பாகத்தைத் தூக்குவார், டெனிஸ் சோஃபாவில் இருந்தபடி விளக்கத் தாளைப் படிப்பாள், தப்பாகப் படிப்பாள், அவர் திருத்துவார், "அப்ப உனக்கு எதுக்குத் தாளு?" என்பாள். ஒரு நாள் எள்ளுப் பருமன் உள்ள துப்பாக்கிக் குழல் ஒன்று சாமணத்திலிருந்து தெறித்துப் போய்விட்டது. "யாரும் அசையாதீங்க!" என்றார் ஹோவர்ட். மூன்று பேரும் முட்டி போட்டுக் கம்பளத்தைத் தடவினார்கள். கம்பளத்தில் விழுந்த பாகம் திரும்பி வந்ததாக மாடல் சங்கத்தின் சரித்திரத்திலேயே இல்லை. கடைசியில் டெனிஸ் காலுறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "கீத் போனதுக்கு அப்புறம் என் காலைப் பிடிச்ச முதல் ஆம்பளை இவன்தான்" என்று அதைப் பிடுங்கிக் கொடுத்தாள். ஹோவர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடும் என்று அடக்கிக்கொண்டார். அப்படியும் கை ஆடியது.

நடுவில் இரண்டு தடவை புகைப்படம் பார்க்க எழுந்தார். இரண்டு தடவையும் டெனிஸ் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நகரு டெனிஸ், ஒரு ரிவிட் பாக்கணும்."

"நான் நகர்ந்தா நீ பாப்பே. பாத்தா நிறுத்துவே. ஒட்டு."

கடைசி வேலை சங்கிலி. டாங்கின் உடம்பை இரண்டு பக்கமும் சுற்றி ஓடுமே, அது. ஒவ்வொரு தகடாக ஒட்டிக் கோக்க வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு ஓரம் மட்டும் உதடு மாதிரி மடிந்திருக்கும். ஹோவர்ட் இதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார். டாங்கின் இடது பக்கத்தைத் தன் பார்வைக்கு நிறுத்தி, எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாக ஒரே சீராக ஒட்டிக்கொண்டு போனார். பிறகு டாங்க்கைத் திருப்பி வைத்து, வலது பக்கத்தையும் அச்சு அசலாக அதே மாதிரி இடமிருந்து வலமாக ஒட்டினார். ஒரே முறையில் செய்தால் தப்பு வராது என்பது அவர் வாழ்நாள் கொள்கை. அதைச் சொல்லித்தான் எத்தனையோ பேரை ஃபெயில் ஆக்கினார்.

சாயம் அடித்தார். காய வைத்தார். கிளெனிஸ் வந்து பார்த்தாள். ஒரு ரொட்டி நீளத்தில், சேற்றுப் பொட்டுகூட இல்லாமல், பழுப்பு நிறத்தில், முழுசாக ஒரு டாங்க். அவள் அதன் மேல் படாமல் பக்கத்தில் இருந்த ரொட்டித் தூளை மட்டும் துடைத்தாள்.

கண்காட்சி அன்று தேவாலயக் கூடத்தில் நல்ல கூட்டம். கிளெனிஸும் டெனிஸும் தேநீர் கவுன்ட்டரில் பேக்கன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஹோவர்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதால் இந்த வருஷம் நடுவர் வேலை சங்கத் தலைவர் ரோலண்ட் கட்ஸுக்கு. ரோலண்ட் ஊரில் சவ அடக்கம் செய்து வைக்கும் கடைக்காரர். எதைச் சொன்னாலும் துக்கம் விசாரிக்கிற குரல்தான் வரும்.

"வந்துட்டியா, ஹோவர்ட்" என்று அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "நாங்க யாரும் எதிர்பார்க்கல."

டாங்க் மேஜைக்கு ஏறியது. பக்கத்து இடம் ட்ரெவர் சவர்பிக்கு. ஜன்னல் துடைக்கிற பையன். பையன் என்றாலும் முப்பது தாண்டியவன். ஹோவர்ட்டிடம் மூன்று தடவை ஃபெயிலாகி, நான்காவதில் பாஸாகி, அன்றைக்கு ராத்திரி அழுததாகக் கேள்வி. அவனும் அதே டாங்க்கைத்தான் கட்டியிருந்தான், ஆண் வகை. முட்டி வரை சேறு.

"மிஸ்டர் பின்ச்பெக், சும்மா ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா? நடுவரா இல்ல. சும்மா."

ஹோவர்ட்டுக்குக் கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். சேறு, அது எதிர்பார்த்ததுதான். ரிவிட்கள், பரவாயில்லை. சுற்றிப் போய் வலது பக்கம் பார்த்தார். கண் மின்னியது.

"இதோ, வலது பக்கச் சங்கிலி..." என்று தொடங்கினார்.

அங்கேயே நின்றுவிட்டார். ட்ரெவரின் டாங்கில் வலது பக்கத் தகடுகளின் உதடு முன்பக்கம் பார்த்தது. இடது பக்கத் தகடுகளும் முன்பக்கம் பார்த்தன. அது ஏதோ வித்தியாசமாகப் பட்டதால்தான் பேச்சை எடுத்தார். ஓரக்கண்ணால் தன்னுடையதைப் பார்த்தார். இடது பக்கம் முன்னே பார்த்தது. வலது பக்கம் பின்னே பார்த்தது. இடமிருந்து வலமாக ஒட்டினால் இடது பக்கத்தில் அது முகத்திலிருந்து வாலுக்கு. டாங்க்கைத் திருப்பி வைத்து ஒட்டினால் வாலிலிருந்து முகத்துக்கு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருடைய டாங்கின் ஒரு கால் சர்ச்சுக்கும் இன்னொரு கால் சாராயக் கடைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"வலது பக்கச் சங்கிலிக்கு என்ன, மிஸ்டர் பின்ச்பெக்?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

ட்ரெவரின் முகம் வெளுத்துவிட்டது. ஹோவர்ட் பின்ச்பெக் வாயிலிருந்து நல்லா இருக்கு என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

ஹோவர்ட் நேராகக் கவுன்ட்டருக்குப் போனார். கிளெனிஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். டெனிஸிடம் மட்டும் காதோடு சொன்னார்.

"அவ்வளவுதானே?" என்றாள் டெனிஸ், பேக்கனைப் புரட்டிக்கொண்டே. "அந்த ஜன்னல் பையன் ஒரு டப்பா சேறு வச்சிருக்கான். வாங்கிப் பூசு."

"நானா? சேறா?"

"அப்ப தூக்கிக்கிட்டு ஓடு. எனக்குக் கட்டில் ஆச்சு."

ஹோவர்ட் கோட்டின் பித்தானைத் தொட்டார். டெனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தத்தைத் தணித்துக்கொண்டாள்.

"ஓடாத, ஹோவர்ட். போன தடவை அவ இந்த ஹால்ல தனியா உக்காந்திருந்ததைச் சொல்லிச் சொல்லி என்கிட்ட அழுதிருக்கா. போய் அது பக்கத்துல நில்லு. யாருக்குத் தெரியப் போகுது?"

போய் நின்றார். டெனிஸ் சொன்னது சரி. யாருக்கும் தெரியவில்லை. வருகிறவர்கள் பார்த்தார்கள், "ஓ, இது நம்ம ஊருது" என்றார்கள், போனார்கள். ரோலண்ட் வந்து நெடுநேரம் குனிந்து பார்த்தார். "அமைதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சாயங்காலம் வரை தாக்குப் பிடித்தால் போதும். அறை அவருக்கு.

அப்போதுதான் ட்ரெவரைப் பார்த்தார். அவன் தன் டாங்க்கை மல்லாக்கப் போட்டு வைத்திருந்தான். கையில் மெல்லிய கத்தி. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னய்யா பண்ற?"

"எனக்குத் தப்பு எதுவும் தெரியல, மிஸ்டர் பின்ச்பெக். எல்லாப் படமும் பாத்துட்டேன். ஆனா நீங்க பாதியில நிறுத்தினீங்கல்ல? நீங்க சும்மா நிறுத்த மாட்டீங்க. பெயர்த்து எடுத்துத் திருப்பி ஒட்டிடறேன். ரோலண்ட் இன்னும் என்னுதுக்கு மார்க் போடல."

கத்தியின் நுனி சங்கிலிக்கும் உடம்புக்கும் நடுவே நுழைந்தது. சாயம் ஒரு துளி உதிர்ந்தது. சரியாக ஒட்டிய சங்கிலி. அந்த இரண்டு டாங்கிலும் சரியாக ஒட்டிய ஒரே வலது பக்கச் சங்கிலி.

ஹோவர்ட் மேஜையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"நிறுத்து!"

தேர்வில் திடீர் பிரேக் போடச் சொல்லும்போது அவர் கொடுக்கிற அதே அடி, அதே குரல். கூடத்தில் பாதிப் பேரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ஒருவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எடுக்காத, ட்ரெவர்" என்றார் ஹோவர்ட். "உன்னுது சரி. என்னுதுதான் தப்பு. என் வலது பக்கச் சங்கிலி பின்னால பாத்து ஓடுது. உன்னுதைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதான் வாயை மூடிக்கிட்டேன்."

ட்ரெவர் கத்தியைப் பிடித்தபடியே இரண்டு டாங்க்கையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சூரியன் உதித்தது.

கூட்டம் மொய்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பேக்கன் ரொட்டியோடு வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், வாழ்நாளில் ஒரு மாடலைக்கூடத் திரும்பிப் பார்க்காதவர்கள், எல்லோரும் அந்த மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

"இப்ப இதை ஓட்டினா எந்தப் பக்கம் போகும், மிஸ்டர் பின்ச்பெக்?"

"நின்ன இடத்துலயே சுத்தும்."

"என்னை ஃபெயிலாக்கினீங்களே அந்த ரவுண்டானாவுலயா?"

"கண்ணாடி பாக்காமத் திருப்பியிருப்பாரு!"

"இது சின்னத் தப்புல வருமா, பெரிய தப்புல வருமா?" என்று தபாலாபீஸ் அம்மாள் கேட்டாள். அவள் ஐந்து தடவை ஃபெயில்.

"பெரிய தப்பு" என்றார் ஹோவர்ட்.

"அப்ப?"

"ஃபெயில்தான்."

"முறையாச் சொல்லுங்க, மிஸ்டர் பின்ச்பெக்!"

ஹோவர்ட் நிமிர்ந்து நின்றார். "சொல்றதுக்கு வருத்தமாத்தான் இருக்கு" என்றார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள்.

அவர் காது சிவந்துபோயிற்று. கை கோட்டுக்குப் போயிற்று. பின்வாசல் திறந்துதான் இருந்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம், கையில் தேநீர்ப் பாத்திரத்தோடு, கிளெனிஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் கூப்பிடவில்லை, தலையாட்டவில்லை. பாத்திரம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஹோவர்ட் கோட்டைக் கழற்றினார். நாற்காலியின் முதுகில் மாட்டினார். உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தப்பு எப்படி நேர்ந்தது என்று தபாலாபீஸ் அம்மாளுக்கு விளக்கத் தொடங்கினார். ரொட்டித் துண்டை டாங்க்காக வைத்துத் திருப்பிக் காட்டினார். அடுத்து வந்தவருக்கும் காட்டினார். மூன்றாவது ஆளுக்குக் காட்டும்போது அவரே சிரித்துவிட்டார். கதவைப் பூட்ட ரோலண்ட் சாவியோடு வந்தபோது, அவருக்கும் ஒரு தடவை காட்டினார்.

"ஈடு செய்ய முடியாத தப்பு, ஹோவர்ட்" என்றார் ரோலண்ட் நெகிழ்ந்து. பரிசு ட்ரெவருக்குப் போயிருந்தது. அவன் டப்பாவைத் திறந்து, "கொஞ்சம் சேறு வேணுமா, மிஸ்டர் பின்ச்பெக்?" என்று கேட்டான். "வாயை மூடு" என்றார் ஹோவர்ட். ட்ரெவர் அதைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் கிளெனிஸ் சொன்னபடி நின்றாள். "ரூம் உன்னுது. இனிமே கேக்க மாட்டேன்." டெனிஸ் மூச்சிரைக்கத் தன் பெட்டிகளை மாடியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். கடைசிப் பெட்டியை மாடிப்படியடியில் வைத்துவிட்டு, "உன் மேஜை காலி, வாத்துக்குட்டி" என்று சொல்லிவிட்டுச் சோஃபாவுக்குப் போனாள். டி.வி.யைப் போட்டாள். ஆனால் சேனல் எதையும் மாற்றவில்லை.

ஹோவர்ட் மேலே போய்க் கதவைச் சாத்தினார். புதுப் பெட்டியைத் திறந்து விளக்கத் தாளை எடுத்தார். முதல் வரியைப் படித்தார். சரியாகத்தான் படித்தார், திருத்த ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை படித்தார். பிறகு பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"அந்த ரூம்ல ஈரம் இருக்கு" என்றார் பொதுவாக. "பசை காயாது."

"இத்தனை வருஷம் காஞ்சுதே" என்றாள் டெனிஸ், டி.வி.யைப் பார்த்தபடி.

"காயல. அதனாலதான் ஒண்ணும் முடியல." மாடிப்படியடியில் இருந்த பெட்டிகளில் கனமானதாகப் பார்த்து ஒன்றைத் தூக்கினார். "உன் கட்டில் மேல வரட்டும். நான் சாப்பாட்டு மேஜையிலயே இருந்துக்கறேன். ஆனா ஒண்ணு. சாயங்காலம் கீழ வந்து தாளைப் படிக்கணும்."

"தப்பாத்தான் படிப்பேன்."

"தெரியும்."

டெனிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஜலதோஷம் என்றாள். பிறகு எழுந்து பெட்டியின் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற கிளெனிஸுக்குத்தான் கடைசியில் கணக்கு உதைத்தது. பந்தயம் கட்டியது அவள், தங்கைக்கு அறை கிடைத்தது, புருஷனுக்கு மேஜை கிடைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்ஷயர் புட்டிங், வழிய வழிய குழம்பு, எல்லாம் தட்டில். தட்டு மூன்று பேர் மடியில்.

"முட்டி சுடுது, ஹோவர்ட்" என்றாள் கிளெனிஸ்.

"அசையாத" என்றார் அவர். "மேஜையில சாயம் காயுது."